ஈரத்துணியில் அசேலியா விதைகள்

துணி காயப்போடக் கையை உயர்த்தியபோது, இடது அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. மதுரையில் பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து, மார்பகப் புற்றுநோய் என்றார்கள்.

அறுவையும் கீமோவும் (புற்றணுக்களை அழிக்கும் மருந்தேற்றல்) முடிந்து சிவகாசிக்குத் திரும்பியபோது, விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. நியூரோபதி (நரம்பு பாதிக்கப்பட்டு மரத்துப்போதல்) என்றார் மருத்துவர். "சரியாயிடும்மா. எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

இதே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் சோர்வு தூக்கத்தால் தீர்வதில்லை. அதற்காக உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் அடுத்த பரிசோதனை வரையிலான நாட்களைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அதற்கப்பால் வரும் காலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோயைவிட அந்த மௌனம் என்னைக் களைப்படையச் செய்தது. கொடைக்கானலில் ஆசிரியையாக இருக்கும் தங்கையிடம் அசேலியா விதை கேட்டேன். மலைக்குளிரில் பூக்கும் புதர்ச்செடி அது.

"ஏக்கா, நம்மூரு வெயிலுக்கு அசேலியாவா? விதை போட்டா பூக்க மூணு நாலு வருசமாகும். பூத்த செடியாவே தாரேன்."

"விதையே கொண்டா" என்றேன்.

அவள் கொண்டுவந்த காய்ந்த காய்களை, மேசையில் விரித்த வெள்ளைத்தாளின்மேல் உடைத்தேன். விதைகள் பழுப்புத் தூசியாக உதிர்ந்தன, விரலுக்குத் தெரியவில்லை. தென்னைநார்த்தூள் நிரப்பிய தட்டை எடுத்துவர மாடிக்குப் போனேன். திரும்பியபோது மேசை ஈரமாக மினுங்கியது.

என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் (மேற்பார்வையாளர்). வெடிமருந்துத் தூள் சிந்தினால் பெருக்கக் கூடாது, உரசல் ஆகாது, ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும் என்று தினமும் ஆட்களிடம் சொல்பவர்.

"இங்கன தாள்ல இருந்தத என்ன செஞ்சீக?"

"ஏதோ தூளு கிடந்துச்சு. ஒத்தி எடுத்துட்டேன்."

"அது விதைங்க!"

"அம்புட்டுப் பொடியாவா விதை இருக்கும்?" கையிலிருந்த துணியை, வெடிக்கப்போவதைப்போலத் தள்ளிப் பிடித்தார். நான் சிரித்தேன். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன வயிறு வலித்தது.

ஊர்த்தண்ணீர் உப்பு. பிடித்துவைத்த மழைநீரில் அவரே துணியை அலசி, அந்த நீரைத் தட்டின்மேல் ஊற்றினார். மண்ணிட்டு மூட வேண்டியதில்லை. அந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். சில வாரங்களில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. கோடையில் பெரும்பாலானவை கருகின. சில மட்டும் நிற்கின்றன.

அவற்றைத் தொட்டிக்கு மாற்றலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன்.

"தீபாவளி சீசன் முடியட்டும். வடக்குச் சுவரோரம் நிழல்ல வைப்போம். நாலு வருசங் கழிச்சுப் பூக்கையில, நீ சன்னல்லருந்தே பாக்கலாம்" என்றார், வண்டிச் சாவியைத் தேடியபடி.

தாம் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. மருத்துவர் எவரும் எனக்குத் தராத காலம் அது. அவராலும் தர முடியாது. இருந்தும் அவர் போனபின் வடக்குச் சுவரோரம் சென்று, வெயில் எதுவரை விழுகிறது என்று நின்று பார்த்தேன். கால் களைத்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். நிழல் நகரும்வரை எழுந்திருக்க அவசரம் ஏதுமில்லை.