ஒரு பத்து வருஷம் இருக்கும்

சென்ற மாதம் நான் சொன்ன ஒரு வார்த்தையால் பக்கத்து வீட்டுக்காரர் தம் கால்விரலை இழக்கப் பார்த்தார்.

வில்லாபுரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு கணேசனுடையது. சர்க்கரை நோயாளி. செருப்புக் கடித்த புண் சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியவரை, அவர் மனைவி செல்வியும் நானும் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். செல்வி இன்சூரன்ஸ் அட்டையோடு கவுன்ட்டருக்குப் போயிருந்தபோது, பணி மருத்துவர் என்னிடம் கேட்டார்.

"எத்தனை வருஷமா சுகர்?"

"அது கெடக்கு சார்... ஒரு பத்து வருஷம் இருக்கும்."

எனக்குத் தெரியுமா? தெரியாது. பின் ஏன் சொன்னேன்? நோயாளியோடு நிற்பவனுக்குத் 'தெரியாது' என்று சொல்ல நம் ஊரில் வாய் வருவதில்லை. சற்றுக் கூட்டிச் சொன்னால்தான் மருத்துவர் அக்கறையாகப் பார்ப்பார் என்றொரு நம்பிக்கை வேறு. இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு தேதியை எழுதுமுன் மூன்று முறை சரிபார்ப்பவன் நான்... அன்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

மருத்துவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை இன்சூரன்ஸ் நிறுவனம், கைப்பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம் — 'ப்ரீ எக்சிஸ்டிங் டிசீஸ்'. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்று பொருள். கணேசன் பாலிசி எடுத்து மூன்று ஆண்டு நிறையவில்லை. நோய்க்கு நான் கொடுத்த வயதோ பத்து. ஆகவே, நோயை மறைத்துப் பாலிசி எடுத்தவர் ஆகிவிட்டார் மனிதர். இன்னும் ஒரு நாளுக்குள் புண்ணைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் அறுவை மருத்துவர். கைப்பணம் கட்டிச் செய்துகொள்ள அவர்களால் ஆகாது.

"யாருண்ணே சொன்னது, பத்து வருஷம்னு?" என்றார் செல்வி.

"நான்தாம்மா."

"பேரனுக்குக் காது குத்துன மாசந்தான மொதமொத ரத்தம் பாத்தோம்? நீங்களும் விருந்துக்கு வந்தீகள்ல. ரெண்டு வருஷம்ணே, பாலிசி எடுத்த பெறகுதான். எங்க வீட்டுக்காரருக்குச் சுகர இம்புட்டு தாராளமா அள்ளிக் குடுத்திருக்கீக."

வீட்டுக்கு ஓடியவர் ஒரு மணி நேரத்தில் திரும்பினார். கையில் விசேஷத்து மஞ்சள் பை. மீந்த அழைப்பிதழ்களோடு அந்த முதல் பரிசோதனைச் சீட்டு, தேதியோடு பத்திரமாக இருந்தது. பணி மருத்துவர் கேஸ் ஷீட்டைத் திருத்திக் கையெழுத்திட்டார். என்னிடமும் ஒரு கடிதம் கேட்டார்கள். 'நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் சொல்லிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே வாயால் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

மாலை ஐந்தரைக்கு அனுமதி வந்தது. மறுநாள் காலை அறுவை முடிந்தது. விரல் பிழைத்தது.

மருத்துவமனையில் நாம் போகிற போக்கில் உதிர்ப்பதெல்லாம் ஆவணமாகிறது. அங்கே 'தெரியாது' என்பதும் மதிப்புள்ள பதில்தான்.

வீடு திரும்பிய பிறகு சில வாரம் கட்டு மாற்றுவதும் அதே பாலிசியில் அடங்குமாம். 'போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்' என்கிறார்கள். சென்ற செவ்வாயன்று அதற்குத்தான் மூவரும் போயிருந்தோம். நர்ஸ் ஏட்டைத் திறந்து, "காய்ச்சல் விட்டு எத்தனை நாளாச்சு?" என்று என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க," என்றார் செல்வி. "நாஞ் சொல்லிக்கிறேன்."

இரண்டு டீ குடித்தேன் — சரியாக இரண்டு.