பறக்கும் சக்திக்கு நான் போட்ட வரிசை

ஒரு விளையாட்டுக்கு மூன்று விதமான காசு எதற்கு? இந்தக் கேள்வியை நான் ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார்கள். போகட்டும். எனக்கு நாற்பத்து நான்கு வயது. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேபில் வேலை, கடலூரில் வீடு, ஞாயிறு தவறாமல் பூசை, இவற்றோடு செல்போனில் ஒரு சூப்பர்ஹீரோ கேம். நான்கு வருடமாக ஆடுகிறேன். 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயடைக்கிற மாதிரி பதில் சொல்லியாகிவிட்டது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் காசு வெள்ளிக்காசு. தெருவில் ஒரு சில்லறைத் திருடனைப் பிடித்தால்கூடக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு கையுறை வாங்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது நீலக்கல். நிஜப் பணம் கட்டி வாங்குவது. அதை வாங்கிக் குவிக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது, அதை ஒளிக்கவும் மாட்டேன். மூன்றாவது முத்திரை. நான்கு பேர் அணியாகச் சேர்ந்து ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்தால்தான் முத்திரை விழும். அது அணிக்குப் பொதுவாக விழும். யாருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று தலைவர் முடிவு செய்ய வேண்டும். உழைத்துச் சம்பாதிக்கிற காசு இது ஒன்றுதான். மற்ற இரண்டையும் எடுத்துவிட்டால் கேம் உருப்படும்.

எங்கள் அணிக்குத் தலைவர் நான். யாரும் ஓட்டுப் போடவில்லை. முதல் நாள் நான் பேசிய பேச்சில் அது தானாக நடந்துவிட்டது.

மற்ற மூவரையும் நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். பக்கத்து ஊர்களில் ஆடுகிறவர்களின் பட்டியலை கேமே காட்டும், அதில் பிடித்தேன். ஒருவர் நெல்லிக்குப்பத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நிற்பார். வரிசை நகர்வதற்குள் இரண்டு ஆட்டம் முடித்துவிடுவார். இன்னொருவர் திருவந்திபுரத்தில் கல்யாண போட்டோகிராபர். முகூர்த்த நாளில் ஆளைப் பிடிக்க முடியாது, மற்ற நாளில் ஆளை விரட்ட முடியாது. நான்காவது சிதம்பரத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவர் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார், வீடு வடக்கு வீதியில். அணியில் அவள்தான் ஹீலர், அதாவது அடிபட்டு விழுகிறவர்களை எழுப்பிவிடுகிறவள். அவள் இல்லாவிட்டால் நாங்கள் மூன்று பேரும் பத்து நிமிஷம் தாங்க மாட்டோம்.

நாங்கள் மூவரும் பறப்போம். அவள் பறக்க மாட்டாள். பறக்கும் சக்தியை முத்திரை கொடுத்துத்தான் வாங்க முடியும். ஒரு வருடத்தில் ஒருவருக்கு வாங்குகிற அளவுக்குத்தான் எங்களால் சேர்க்க முடிந்தது. முதல் வருடம் எனக்கு வாங்கினேன், தலைவர் முன்னால் போக வேண்டும் அல்லவா. இரண்டாவது வருடம் டிராக்டர்காரருக்கு, அவருடைய ஹீரோதான் பலசாலி. மூன்றாவது வருடம் போட்டோகிராபருக்கு, தூரத்திலிருந்து சுடுகிறவர் உயரத்தில் இருந்தால்தான் பிரயோஜனம். ஹீலர் எப்படியும் சண்டை ஆரம்பித்த பிறகுதான் தேவைப்படுவாள், மெதுவாக வந்தால் போதும். இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. கேட்டவர்கள் யாரும் மறுத்துப் பேச முடியாத காரணங்கள்.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அவள் வாய் திறந்து கேட்டாள்.

"அக்கா, இந்தத் தடவையாவது எனக்கு வாங்கித் தரீங்களா? நீங்க மூணு பேரும் ஜிவ்வுனு மேல போயிடுறீங்க. நான் கீழ தெரு பூரா ஓடி, நாப்பது மாடி ஏறி வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்குது. உக்காந்த எடத்துல ஆடுறவளுக்கு என்னா மூச்சுன்னு எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு."

"இந்த வருஷம் உனக்குத்தான்மா. நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நடுவில் ஒரு காரியம் செய்திருந்தேன். கேமில் கருத்து எழுத ஒரு பக்கம் உண்டு. அதில் ஒருநாள் நீளமாக எழுதினேன். முன்பு போட்டோகிராபர் வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாக எங்கள் அணிக்கு ஓர் ஆள் வந்து போவான். ஆட்டத்தில் பெயரைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான், பங்கு மட்டும் சமமாக வேண்டும் என்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். 'கடைசி ஆட்டத்தில் இல்லாதவருக்கு ஒரு முத்திரைகூடக் கொடுக்கக் கூடாது' என்று எழுதினேன். நிறையப் பேர் ஆமாம் போட்டார்கள். சில மாதத்தில் விதியை அப்படியே மாற்றிவிட்டார்கள். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் எழுதினார்களோ தெரியாது, ஆனால் நான்தான் மாற்றினேன் என்று லேபில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புது விதி இதுதான்: ஒரு வருடச் சீசனின் கடைசி ஆட்டத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் முத்திரையில் பங்கு. சீசன் முடிகிற நேரத்துக்குள் செலவழிக்காத முத்திரையெல்லாம் மறைந்துவிடும்.

டிசம்பர் வந்தது. பங்குக் கோயிலில் குடில் கட்டுவது, கேரல் பாட வீடு வீடாகப் போவது என்று எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஆட்டங்கள் தள்ளிப்போயின. பறக்கும் சக்திக்கு இன்னும் ஒரு வெற்றி தேவை என்ற நிலையில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு சீசன் முடிகிறது. எங்கள் வீட்டில் தொங்குவது பங்குக் காலண்டர். எடுத்துப் பார்த்தேன். மறுநாள் புனித முடியப்பர் திருநாள் என்று இருந்தது, கம்பெனியும் லீவு. "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி, நாலு பேரும் வந்துடணும்" என்று குரூப்பில் போட்டேன்.

போட்டோகிராபருக்கு முகூர்த்தம் இருக்கும் தேதிதான் தேதி. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் அவர் காலண்டரைத் தொடவே இல்லை. 'டபுள் ஓகே' என்றார். டிராக்டர்காரருக்கு ஆலையில் கொடுக்கிற வெட்டு உத்தரவுதான் காலண்டர். அதில் அன்றைக்கு அவர் லோடு இருந்தது, வரிசையில் நின்று ஆடிவிடலாம் என்றார். சிதம்பரத்துப் பெண் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்கக்கா" என்று போட்டாள்.

மறுநாள் சிதம்பரத்தில் ஆருத்ரா தேர்.

ஊரே அறிந்த விஷயம். கடலூரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆள் போகிற நாள். எனக்கு மறந்துபோனது. மறந்தேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. நான் அந்தக் காலண்டரைப் பார்ப்பதே இல்லை. தேர் வருகிற நான்கு வீதியிலும் கரண்டை நிறுத்திவிடுவார்கள், உயரமான தேர் கம்பியில் மாட்டக் கூடாது என்று. வீட்டு வைஃபை போச்சு. அத்தனை கூட்டம் ஒரே இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் டவரும் திணறும்.

நாலரை மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. பின்னால் மேளமும் சத்தமுமாக இருந்தது.

"அக்கா, தேர் எங்க வீதி முனையில நிக்குது. ரெண்டு மணிக்கெல்லாம் தாண்டிடும்னு நெனச்சேன். கரண்டு இல்ல, நெட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நீங்க மூணு பேரும் ஆடிடுங்க."

"தேருன்னு நேத்தே சொல்றதுக்கு என்னம்மா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்கதான் முடிவு பண்ணிட்டீங்களேக்கா. முடிவு பண்ணப்புறம் உங்கள்ட்ட எப்படி சொல்றது?"

போன் கட்டாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. என்னோடு வேலை செய்கிறவர்கள், கூடப் பிறந்தவர்கள், பங்குச் சாமியார் வரை யாரும் இதை இவ்வளவு பணிவாகச் சொன்னதில்லை.

ஐந்து மணிக்கு ஆட்டத்துக்குள் போனோம். மூன்று பேர்தான். போட்டோகிராபர் சொன்னார், "அக்கா, நீலக்கல் போட்டு ஒரு வாடகை ஹீரோ எடுத்துக்கலாம். அவுங்க இல்லாட்டியும் ஜெயிச்சிடலாம். முத்திரை வீணாப் போறதுக்கு நம்ம மூணு பேருக்கும் ஆளுக்கொரு நல்ல டிரஸ்ஸாவது வாங்கலாம்ல."

"மாப்ள சொல்றதும் சரிதான்மா. கையில இருக்கறத ஏன் விடணும்?" என்றார் டிராக்டர்காரர்.

"டிரஸ்ஸா? அந்தப் பொண்ணு நாலு வருஷமா உங்க ரெண்டு பேரையும் எத்தன தடவ எழுப்பிவிட்டுச்சுன்னு ஞாபகம் இருக்கா? வாடகை ஹீரோவெல்லாம் வேணாம். முத்திரை போனா போவட்டும். அஞ்சே முக்கால் வரைக்கும் நிப்போம்."

"ரூல்ஸ் நீங்க கேட்டு வாங்குனதுதானேக்கா" என்றார் போட்டோகிராபர். குத்திக்காட்டவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சூடானது.

"ஆமா, நான்தான் கேட்டேன். இப்ப அதே வாயாலதான் சொல்றேன், அந்த ரூல்ஸ் தப்பு. குளிக்கப் போறவனுக்கும் கரண்டு இல்லாதவளுக்கும் வித்தியாசம் தெரியாத ரூல்ஸ் என்ன ரூல்ஸ்?"

காத்திருந்தோம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போய் நின்றும் பிரயோஜனமில்லை. ஐந்தேகால் ஆனது. என் வாழ்க்கையில் ஒரு செல்போனை அவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ஐந்து இருபத்தைந்துக்கு நான்காவது பெயர் பச்சையாக மாறியது.

"அக்கா, வந்துட்டேன்! ஸ்டேஷனத் தாண்டி பல்கலைக்கழகம் போற ரோட்டுல ஒரு டீக்கடை பெஞ்சுல இருக்கேன். இங்க நெட்டு வருது. கூட்டத்துல பூந்து பூந்து நடந்தே வந்தேன். சார்ஜு பதினெட்டுதான் இருக்கு, சீக்கிரம்."

"வீட்டுல?"

"விருந்தாளிங்க எட்டுப் பேரு. வீட்டுக்காரரு வடம் பிடிக்கப் போயிட்டாரு. மாமியார்ட்ட தேர் பாத்துட்டு வரேன்னுட்டு வந்துட்டேன். ஆரம்பிங்கக்கா."

நல்ல நாளும் அதுவுமாக, டீக்கடை பெஞ்சுக்கு, எட்டு விருந்தாளிகளை மாமியார் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். "ஆரம்பிங்கடா!" என்று கத்தினேன். டிராக்டர்காரர் என்னைவிட மூத்தவர் என்பது அப்போது நினைவில் இல்லை.

நாற்பது மாடிக் கோபுரம். உச்சியில் வில்லன். வழக்கம்போல மூவரும் பறந்து மேலே போனோம், அவள் கீழே தெருவில் ஓடி வந்தாள். வில்லன் அன்றைக்குப் பேய் மாதிரி அடித்தான். முதலில் போட்டோகிராபர் விழுந்தார். பிறகு நான் விழுந்தேன். டிராக்டர்காரர் ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டு, "மாடி எத்தனம்மா? மாடி எத்தன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்று என்றாள். முப்பத்தாறு என்றாள். வந்தாள், என்னை எழுப்பினாள், போட்டோகிராபரை எழுப்பினாள், கடைசி அடியை டிராக்டர்காரர் அடித்தார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

முத்திரை விழுந்தது. இந்த முறை யோசிக்கவே இல்லை, அவள் பெயரைத் தொட்டேன், பறக்கும் சக்தியைத் தொட்டேன், சரி என்று அழுத்தினேன். சீசன் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

அவள் கோபுரத்தின் விளிம்பில் நின்றாள். குதித்தாள். விழவில்லை. காதில் வீலென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு. டீக்கடைக்காரர் "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்பதும் கேட்டது. "ஒண்ணுமில்லண்ணே, பறக்குறேன்" என்றாள். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், இன்னொரு வட்டம் போட்டாள். நாங்கள் மூவரும் கோபுரத்தின் மேல் நின்று கைதட்டினோம். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்றாவது வட்டத்தில் அவள் வேகம் குறைந்தது. எங்கள் பக்கத்தில் வந்து இறங்கினாள். புதுச் சக்தியைத் தொட்டால் அதைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, இதுல ஒண்ணு போட்டிருக்கு. பறக்கறவங்க கூட ஒரு ஆளத் தூக்கிக்கிட்டும் போவலாமாம். வேகம் கொஞ்சம் கொறையுமாம், அவ்ளோதான்." பிறகு கேட்டாள்: "இது இப்பப் புதுசா வந்ததா? உங்களுக்கும் இருந்துச்சா?"

முதல் வருடமே டிராக்டர்காரரும் போட்டோகிராபரும், அவளைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். தூக்கினால் வேகம் குறையும், வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

"இருந்துச்சும்மா" என்றேன். "மொத நாள்லேந்தே இருந்துச்சு."