கரகத்துக்குத் தெளிந்த தண்ணீர் தேடி

எல்லாரையும் கூட்டிக்கொண்டு மலைக்கே நடந்துவிட்டால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது, முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றபோதுதான். சில வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கூலிம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. கரகம் பாலிக்க, அதாவது ஓடும் தண்ணீர் எடுத்துக் கரகம் கட்ட, வழக்கம்போல ஆற்றுக்குப் போயிருந்தோம். முந்தின நாள் மழை. ஆறு நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பூசாரி செம்பை முக்கி எடுத்தார். பாதி சேறு. அப்படியே ஆற்றில் கவிழ்த்தார்.

கோவில் செயலாளர் அண்ணன் அவசரக்காரர். "காடில மினரல் வாட்டர் கெடக்கு, எடுத்துட்டு வரவா?" என்று தன் காரைக் காட்டினார்.

"நல்லாருக்குலா அண்ணே! ஆத்தாளுக்கு பாட்டில் தண்ணி, கூட ஐஸும் போட்டுருவோமா?" என்று உருமி அடிக்கிற அண்ணன் கேட்க, விரதம் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. ஓடுகிற, தெளிந்த தண்ணீர் இல்லாமல் கரகம் கட்ட மாட்டேன் என்றுவிட்டார். கரகம் வராமல் திருவிழா தொடங்காது.

ஆறு ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். மேலே மலையில் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்து வாட்சாப் குழுவில் மனுவும் போட்டேன். கையெழுத்துக்குப் பதிலாக ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கங்கள் வந்தன. ஆனால் அன்று, "மேல போனா தெளிஞ்ச தண்ணி கெடைக்கும், நடப்போமா?" என்று கேட்டதுதான் தாமதம், மஞ்சள் உடையும் வேப்பிலையும் உருமி மேளமுமாக மொத்தக் கூட்டமும் கிளம்பிவிட்டது.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தோம். இரண்டு ஓடைகள் சேர்ந்து எங்கள் ஆறாக மாறும் இடம் அது. ஒன்று கலங்கல். அதன் மேலே மலை மொட்டையாகி, செம்மண் திட்டாகக் கிடந்தது. அந்த வழியாக மரக்கட்டைகளை ஏற்றிய லோரி ஒன்று இறங்கி வந்து, மேளச் சத்தம் கேட்டு நின்றது. ஓட்டுநர் நம்மவர். காலில் கிடந்த செலிப்பாரைக் கழற்றிவிட்டு இறங்கிக் கும்பிட்டார். அவராகவே, "நான் ஓட்டலனா இன்னொருத்தன் ஓட்டுவான்லா" என்று முனகினார். பூசாரி அவருக்கும் திருநீறு கொடுத்தார்.

இன்னொரு ஓடை காட்டுக்குள்ளிருந்து வந்தது. அதில் முக்கி எடுத்த செம்பில் அடிப்பாகம் தெரிந்தது. "ஓம் சக்தி!" என்று எழுந்த சத்தத்தில் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்போது பால்குடம் எடுக்க வந்திருந்த ஒரு அக்கா மேலே பார்த்தார்.

"என்னா தம்பி, மரத்துக்கெல்லாம் செவப்பா பொட்டு வெச்சிருக்கு?"

"பெயிண்ட்டுக்கா. அடுத்து வெட்டப் போறது இதத்தான்."

"அடப்பாவி, இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"குரூப்ல எத்தன தடவ போட்டேன்!"

"அதெல்லாம் யாரு படிக்கிறா!"

அன்று அன்னதான வரிசையிலேயே மனுவில் கையெழுத்துகள் நிறைந்தன. மேலே நடந்து வந்த யாருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அரசாங்க அலுவலகங்களுக்கு அலைந்தபோதும் அந்த அக்காதான் முன்னால் நின்று பேசினார்.

கலங்கிய ஓடை இன்னும் தெளியவில்லை. மற்ற ஓடைப் பக்கத்துக் காட்டை வெட்டுவதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அந்த 'இப்போதைக்கு'தான் உறுத்துகிறது. உருமி அண்ணன் ஜித்ரா ஊருக்கு மாறிப் போய்விட்டார். போனில் கூப்பிட்டால் முதலில் அந்த நடையைப் பற்றித்தான் பேசுவார். எனக்கும் ஈரக்காலோடு மேளத்துக்குப் பின்னால் போன அந்தக் காலைக்குத் திரும்பிவிட வேண்டும் போல ஏக்கமாக இருக்கும்.

காட்டுக்காக நான் எவ்வளவு பேசினாலும் ஆகாதது, ஒருவரை அதன் நிழலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் ஆகிவிடுகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அந்த நம்பிக்கையில்தான், இதே ஆற்றுத் தண்ணீரில் நெல் நடுகிற கம்பம் என்று நாங்கள் சொல்லும் கீழ்க் கிராமத்து மலாய்க்காரர்களின் வீடுகளுக்கு அடுத்த வாரம் போய், ஒருநாள் எங்களோடு மேலே நடந்து வாருங்கள் என்று கூப்பிடப் போகிறேன்.