திறந்து வைத்த குழாய்

அந்த வருடங்களில் எனக்கிருந்த அலுப்பு வேலை செய்து வந்ததல்ல, வேலைக்குப் போய்ச் சேருவதால் வந்தது. அன்புவழிபுரத்திலிருந்து துறைமுக வாசலுக்குச் சைக்கிளில் பெரிய தூரமில்லை. ஆனால் ஆமிக்காரரின் ஒவ்வொரு காவல் சென்றியிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையிலிருந்த குறடு, சணல், குழாய்த்துண்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, இது இன்னதுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். குழாய்த்துண்டைக் கண்டால் குண்டோ என்று அவர்களின் முகம் மாறிவிடும். குழாய் வேலைக்காரன் குழாய் இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது என்று கேட்க நாக்கு துடிக்கும். ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படியான ஒரு காலத்தில்தான் அந்தப் பாய்மரப் படகு துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. வெள்ளைக்காரக் கிழவரும் அவருடைய மனைவியும் மட்டும். நடுக்கடலில் பாய் கிழிந்துவிட்டதாம். சண்டை நடக்கிற ஊருக்கு உல்லாசப் பயணமா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாயைத் தைத்துவிட்டார்கள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று கட்டளை. மிச்சமிருந்தது குளியலறைக் குழாய். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அது ஓயாமல் ஒழுகியது. வீடென்றால் ஒழுகட்டும் என்று விடலாம். அவர்களுக்கோ அடுத்த கரை வரைக்கும் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் ஒரேயொரு தாங்கித் தண்ணீர். துறைமுகத்துத் தண்ணீர் லொறி, பவுசர், ஒருதரம் வந்து நிரப்பியதோடு சரி, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் போய்ப் பார்த்தேன். குழாயின் உள்ளே உப்பு அரித்து மரை தேய்ந்திருந்தது. முழுதாக மாற்றத்தான் வேண்டும். கடைத்தெருவில் ஏறி இறங்கினேன். கந்தளாய்ப் பாதை பூட்டியிருந்ததால் சாமான் லொறி வந்து கனகாலம். கடைசியில் வீட்டுக்குப் போய் எங்கள் குழாயையே கழற்றினேன்.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"அந்தப் படகுக்கு வேணும்."

"வாறதே ஒரு மணித்தியாலத் தண்ணி. பைப்பும் இல்லாட்டி நான் என்னெண்டு பிடிக்கிறது?"

ஒரு மரக்கட்டையைச் சீவி, துணி சுற்றி, குழாய் முனையில் இறுக்கினேன். அதன் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்னைப் படகுக்குக் கொண்டுபோனவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்துக்குள் தோணி விட அனுமதி உள்ளவர். என்னைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். படகின் குளியலறை எங்கள் வீட்டு அலுமாரி அளவுதான் இருந்தது. நானா டோர்ச் பிடிக்க, நான் முதுகை மடித்துக்கொண்டு பழையதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினேன். அங்கே தண்ணீர் தானாக வராது. பற்றரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று தாங்கியிலிருந்து தள்ளிவிட வேண்டும். கிழவர் அதைப் போட்டுக் காட்டினார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பற்றரி வீணாகாமலிருக்க மோட்டாரை நிறுத்தினார். நான் மேலே ஏறிக் குறடு, சணலையெல்லாம் பைக்குள் அடுக்கினேன். நானா கை கழுவிவிட்டு வருவதாகச் சொன்னார்.

தோணியில் பாதி வழி வந்திருப்போம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"அங்கயும் நம்மட ஊர் மாதிரித்தான் தம்பி" என்றார் நானா. "கை கழுவக்குள்ளயே தண்ணி நிண்டுட்டு."

மோட்டாரை நிறுத்திய பிறகு குழாய்க்குள் மிச்சமிருந்த தண்ணீர்தான் அவருக்கு வந்திருக்கிறது. "நானா, பைப்பை மூடினீங்களோ?"

"ஏன் மூடுற? தண்ணி வந்தாத் தெரிய வேணாமா?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தண்ணீர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாத ஊர். எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து, கீழே வாளியை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்போம். வாளியில் சத்தம் கேட்டால் ஓடுவோம். ஆனால் இங்கே வாளி இல்லை. மோட்டாரைப் போட்டால் குடிதண்ணீர் முழுவதும் கடலுக்குத்தான் போகும்.

தோணியைத் திருப்பினோம். இருட்டுப்படும் நேரத்தில் தோணி திரும்பிப் போவதைக் கண்டதும் கரைச் சென்றியில் விசில் ஊதினார்கள். துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். நானாவோ துடுப்பை விடாமல், "வத்துர! வத்துர!" என்று சிங்களத்தில் தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார். தாகத்தில் கத்துகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, துவக்கோடு நின்ற அந்தச் சென்றிப் பெடியன் கையசைத்து விட்டுவிட்டான்.

படகில் ஏறும்போதே மோட்டாரின் இரைச்சல் கேட்டது. கிழவி சமையலுக்காகப் போட்டிருந்தா. கிழவர் மேலே பாய் கட்டிக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன். தாங்கியில் கால்வாசிகூட இல்லை. கிழவர் தாங்கி மூடியைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தார். முதலில் எரிச்சல்பட்ட எனக்கு அப்போது அழுகை வரப் பார்த்தது. இந்தத் தண்ணீரோடு கடலுக்குள் போனால் இரண்டு பேரும் என்ன ஆவார்கள்?

"எங்கட கிணத்துத் தண்ணி நல்ல ருசி" என்றார் நானா. "விடியக் கொண்டு வாறன். சொல்லுங்க அவருக்கு." எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். கிழவர் நம்பியதாகத் தெரியவில்லை.

விடிந்ததும் கிண்ணியாவிலிருந்து தோணி நிறையத் தண்ணீர்க் கான்களோடு நானா வந்துவிட்டார். நான் துறைமுகத்தில் காத்து நின்றேன். கானுக்குள் எண்ணெய் கடத்துகிறோமோ என்று சென்றியில் சந்தேகம். ஒவ்வொரு கானிலும் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். நானா மறுபேச்சில்லாமல் ஒவ்வொன்றிலும் குடித்தார். தோணியிலிருந்து படகுக்கு ஒவ்வொன்றாகத் தூக்கி ஊற்றி முடிய என் தோள் இரண்டும் கழன்றுவிட்டன. மத்தியானத்துக்கு முன் தாங்கி நிரம்பியது. கிழவி நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. அவர் கூச்சத்தில் வேறு பக்கம் பார்த்தார்.

"இனி ரெண்டு நாளைக்கு எனக்குத் தண்ணி வேணாம் தம்பி" என்றார் நானா, படகு துறைமுக வாயைத் தாண்டிப் போன பிறகு.

வீட்டில் மரக்கட்டையைப் பிடுங்கிவிட்டு, பையில் கிடந்த அந்தப் பழைய குழாயைப் பூட்டினேன்.

"இது ஒழுகுமெல்லோ?" என்றாள் மனைவி. அவள் வாய் திறந்ததே பெரிய ஆறுதல்.

"ஒழுகட்டும். தண்ணி வந்தால் தெரியும்தானே. இனித் திறந்து வைக்கத் தேவையில்லை."

அடுத்த நாள் மத்தியானம் பாயில் கிடந்தோம். வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது.

"தண்ணி வந்திட்டுது" என்றாள்.

"ஓம்" என்றேன்.

எங்கேயோ கடலில் எங்கள் குழாய் ஒரு சொட்டும் ஒழுகாமல் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். எழும்பிப் பிடிக்காவிட்டால் தண்ணீர் நின்றுவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எழும்ப ஏலவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். பிறகு அவள்தான் எழும்பிப் போனாள்.