நான்கு நிமிடம் தூங்கிய கோபுரம்

மோகனப்பிரியாவுக்குக் கோபமே வராது என்று துடியலூர் அலுவலகத்தில் எல்லோரும் மெச்சுவோம். இப்போது அந்த மெச்சலின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

செல்போன் கோபுரங்கள் தாமாக யோசித்து இயங்க, பல நிறுவனங்கள் சேர்ந்து விதி எழுதும் குழுவில் அவளும் இருந்தாள். அழைப்புகள் குறைந்தால் கோபுரம் தூங்கலாம், மறுபடி எழ நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம் என்றது ஒரு விதி. அவசர அழைப்புக்கு இது ஆகாது என்று அவள் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஒருவர் மறுத்தாலும் விதி நின்றுவிடும். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறிவிடும். மறுப்பு உண்டா என்று தலைவர் மூன்று முறை கேட்டார். வயதில் மூத்தவரை எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசுவதா என்று தயங்கினாள். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி.

விதியைச் சோதித்த கோபுரங்களில் ஒன்று அன்னூர் பக்கம், அவள் பிறந்த ஊரில் இருந்தது. ஊருக்கே அந்த ஒரு கோபுரம்தான்.

சித்திரை மாதம், பட்டப்பகல். பங்காளிகளின் பொதுக்கிணற்றில் அன்று அவள் தம்பி கவினின் முறை. மோட்டாரைப் போட்டதும் பெரியப்பா மகன்கள் இருவர் கடப்பாரையோடு வந்தார்கள். கவின், கூட இருந்த அம்மா தெய்வாத்தாளை மோட்டார் அறைக்குள் தள்ளி வெளியே தாழிட்டான். முதல் அடியில் அவன் முழங்கால் நொறுங்கியது. உள்ளே அம்மா 112-ஐ அழுத்தினாள். சிக்னல் இல்லை. வெளியே விலா எலும்புகள் முறிவது அவளுக்குக் கேட்டது. பத்தொன்பது முறை அழுத்தினாள். போலீஸ் ஜீப் பக்கத்து முக்கில்தான் நின்றிருந்தது. நான்கு நிமிடம் கழித்து அழைப்பு போய், ஜீப் வந்தபோது கவின் மண்டை பிளந்து வாய்க்காலில் கிடந்தான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் சிவப்பாகப் பாத்திக்குப் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் சோதனை வெற்றி என்று அறிக்கை வாசித்தார்கள். தலைவர் மறுப்பு உண்டா என்று கேட்டு முடிக்கும் முன்பே மோகனப்பிரியா எழுந்துவிட்டாள். அம்மாவின் போனிலிருந்த பத்தொன்பது அழைப்புகளையும் நேரத்தோடு வாசித்தாள். விதி அங்கேயே நின்றுபோயிற்று.

அன்று மாலையே ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதைய அன்னிக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்களா கண்ணு?"

"நிறுத்தியிருப்பாங்கம்மா."

தெய்வாத்தாள் மகளின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். உதடு கிழிந்தது. மோகனப்பிரியா அதைத் துடைக்காமல், அடுத்த அடிக்காக அங்கேயே நின்றாள்.