நாலு மூலைக் காற்று

மெஹ்னாஸ் தண்டையார்பேட்டைக்காரி. திருவொற்றியூரில் ஒரு பழச்சாறு கம்பெனியில் பன்னிரண்டு வருட வேலை. பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் உயிர். மேலே படிக்க வழியில்லாமல் போனது.

போன வருடம் மேனேஜர் ஜேக்கப், "ஒரே லாரியில இன்னும் நெறைய ஜூஸ் ஏத்த வழி கீதா?" என்று கேட்டார். மெஹ்னாஸ் ஒரு அட்டையில் சதுரம் போட்டு, அதற்குள் வட்டம் வரைந்தாள்.

"நம்ம பாட்டில் எட்டு சென்டிமீட்டர் அகலம் சார். அது நிக்கிற சதுரம் எட்டெட்டு அறுபத்து நாலு. வட்டம் அம்பதுதான். மிச்சம் பதினாலும் நாலு மூலையில கீற காத்து. சதுர டப்பான்னா அந்த எடத்துலயும் ஜூஸ் நிக்கும்."

ஜேக்கப் கைதட்டினார். மூன்று மாதத்தில் சதுர டப்பா வந்தது. ஒரு லிட்டர் பாட்டில் நின்ற இடத்தில் ஒன்றேகால் லிட்டர் டப்பா. பெட்டி மாறவில்லை, முன்பு போலவே ஒரு பெட்டிக்கு இருபது. இருபது கிலோ பெட்டி இருபத்தைந்தானது. சுமை ஏற்றுகிறவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அவர்களில் மூத்தவர் சடையங்குப்பம் நீலமேகம். ஒரே நடையில் இரண்டு பெட்டி தூக்குவார்.

"இன்னா தங்கச்சி, அதே பொட்டிதான், கல்லு மாரி கீதே?"

"ஜூஸ் கொஞ்சம் ஜாஸ்திண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் லாரிக்குப் போட்ட பலகையில் நீலமேகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முதுகுத்தண்டில் ஜவ்வு விலகியிருக்கிறது, இனி எடை தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

மெஹ்னாஸ் அவர் வீட்டுக்குப் போனாள். பாயில் படுத்திருந்தவர், "எவனோ படிச்சவன் கணக்குப் போட்டுக்கீறான். துளி எடம் வுடாம அடைச்சிக்கீறான் பாரேன்" என்றார்.

"அந்தக் கணக்கு நான் போட்டதுண்ணே."

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றுவிட்டது.

நீலமேகம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "தூக்குறவன்னு ஒர்த்தன் கீறான்னு உனுக்கு ஒரு தபா கூட தோணலியா?"



மறுநாள் மெஹ்னாஸ் ஜேக்கப்பிடம் போனாள். "இருபதுக்குப் பதிலா நாலுக்கு நாலு பதினாறு வைக்கலாம் சார். பொட்டி சின்னதாவும், எடை பழையபடி இருபது கிலோதான். லாரியில எடமும் வீணாவாது."

"பொட்டி எண்ணிக்கை ஏறும், அட்டை ஜாஸ்தி ஆவும். மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

அவள் நேரே லாரியடிக்கு வந்து, அங்கே சுமை ஏற்றிக்கொண்டிருந்த ஆறு பேரிடமும் பழைய எடை, புது எடை இரண்டையும் சொன்னாள். அவர்கள் பெட்டியைத் தொட மறுத்தார்கள். இரண்டு நாள் லாரிகள் நகரவில்லை. மூன்றாம் நாள் கம்பெனி பதினாறுக்கு இறங்கி வந்தது. மெஹ்னாஸின் சூப்பர்வைசர் பொறுப்பு போயிற்று. இப்போது லேபிள் ஒட்டும் மேஜையில் நிற்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சடையங்குப்பம் போகிறாள். நீலமேகத்தின் மனைவி டீ கொடுக்கிறாள், மெஹ்னாஸின் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறாள். மெஹ்னாஸின் குரல் கேட்டதும் நீலமேகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.