கொளஞ்சியம்மாள் அடைத்த ஓட்டைகள்

கொளஞ்சியம்மாளுக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. பல்லி விழுந்தால் பயம், லாரி ஹாரன் அடித்தால் பயம். இப்படிப்பட்டவளைப் போய்த்தான் பெரம்பலூர்ப் பக்கத்துப் பழைய கோட்டையில் பெருக்கும் வேலைக்குப் போட்டார்கள். பதினாலு வருஷமாகத் தினக்கூலி. ஆபீசில் யாராவது முகம் சுளித்தால் நாளைக்கே வேறு ஆள்.

அந்தக் கோட்டையில் கை வைக்காதவர் இல்லை. அடியில் பாளையக்காரர் அடுக்கிய பெருங்கல், மேலே நவாபு காலத்துச் செங்கல், அதற்கும் மேலே நம் காலத்து சிமெண்ட் பூச்சு. கொளஞ்சியம்மாளும் தன் பங்குக்குக் கை வைத்திருந்தாள். மழைத்தண்ணீர் வடிவதற்காக மதிலடியில் விட்டிருந்த ஓட்டை ஒன்றிலிருந்து நல்லபாம்பு எட்டிப் பார்த்தது. போதாதா? மராமத்தில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து, நான்கு பக்கமும் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டாள். அது நடந்து மூன்று வருஷம்.

இந்த ஐப்பசியில் பத்து நாள் விடாமல் மழை. மழை விட்டு வெயில் வந்தபோது மேற்கு மதில் வயிறு தள்ளி நின்றது. இன்ஜினியர் சிவசுப்பிரமணியன் வந்து பார்த்து, காரணம் பிடிபடாமல் மண்டையைச் சொறிந்தார். காரணம் பக்கத்திலேயே துடைப்பத்தோடு நின்றது.

அன்றைக்கென்று பார்த்து வேப்பந்தட்டையிலிருந்து அறுபது பள்ளிப் பிள்ளைகள் வந்து, மேற்கு மதில் நிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கொளஞ்சியம்மாள் கிட்டே போய், அங்கே பாம்பு இருக்கிறது என்றாள். பாம்பைப் பார்க்க இன்னும் நாலு பிள்ளைகள் மதிலை ஒட்டி ஓடினார்கள். வேறு வழியில்லாமல், மதில் சரிகிற மாதிரி இருக்கிறதென்று வாத்தியார் டேவிட்ராஜிடம் சொன்னாள். நல்ல மனிதர், உடனே எழுப்பினார். எழுப்பி, வடக்கு மதிலடியில் உட்கார வைத்தார்.

வடக்கு மதிலில் செங்கல் இடுக்குகளில் தண்ணீர் கசிவதைக் காலையில்தான் பார்த்திருந்தாள். இன்ஜினியர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். எல்லா மதிலுமே ஆபத்து என்றால் காரணம் கேட்பார்கள், அவர் காதில் விழாமல் அதைச் சொல்ல முடியாது. வேலை போகும், போலீசுகூட வரலாம். பயந்துகொண்டே வாத்தியாரிடம் ஓடினாள்.

"சார், எந்தச் செவுத்துக்கிட்டயும் புள்ளைங்கள வக்காதீங்க. தண்ணி போற ஓட்ட எல்லாத்தயும் நான்தான் அடைச்சேன்."

சிவசுப்பிரமணியன் போனை இறக்கினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கடைசிப் பிள்ளை வெயிலுக்கு வந்து சேரும்வரை வடக்கு மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.